வரைபடத்தில் துறைமுகம் வெள்ளை

மார்ச் 3

அன்புள்ள வாயாடிக்கு,

அன்றைக்கு நோய் வரைபடத்தைக் காட்டிய கூட்டத்தில் நான் சொல்லாததை முதலில் எழுதிவிடுகிறேன்.

‘எனக்குத் தெரியவில்லை’ என்று நான் சொல்லவில்லை. கடைசி வரிசையில் நீ எழுந்து, மைக்குக்குக்கூடக் காத்திருக்காமல், “என் கிளினிக்குல ஏழு பேருக்குக் கையில ஆறாத புண்ணு. உங்க படத்துல எங்க ஊரு பால் மாதிரி வெள்ளையா இருக்கு. அது எப்படி?” என்று கேட்டபோது, உண்மையான பதில் அந்த ஒரு வரிதான். அதற்குப் பதிலாக, “மாதிரி எடுக்கும் முறையில் குறை இருக்கலாம்” என்றேன். உன் மாதிரிகள் எப்படி வரும் என்று எனக்குத் தெரியாதா? லேபிள் கோணாமல், மூடியைச் சுற்றி டேப் சுருக்கமில்லாமல். பத்து இடங்களிலிருந்து வரும் டப்பாக்களில் உன்னுடையதைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துவிடலாம்.

கூட்டம் முடிந்ததும் இயக்குநர், “யாரு அந்தப் பொண்ணு, இப்படிப் பொரிஞ்சு தள்ளுது?” என்று கேட்டார். துறைமுக மருந்தகத்து டாக்டர் என்றேன். என் தங்கை என்று சொல்லவில்லை. நீ அப்போது பக்கத்துத் தூணருகே பையைத் தேடிக்கொண்டிருந்தாய். உன் காதில் விழுந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

நீ போனை எடுப்பதில்லை. ஆகவே இது மாதிரி கொண்டுவரும் வண்டியில் வருகிறது, காலி ஐஸ் பெட்டியின் பக்கவாட்டுப் பையில்.

நான் எதை எண்ணுகிறேன் என்று அம்மா ஒருமுறை கேட்டாள். “காசநோய்க் கிருமி இருக்கில்ல, அதோட பங்காளிங்களை” என்றேன். அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. காசநோய் அல்லாத மைக்கோபாக்டீரியா என்று அறிக்கையில் எழுதுகிறோம். ஆனால் பங்காளி என்ற சொல்தான் பொருத்தம். இருநூறு பேர் இருப்பார்கள். மண்ணிலும் குழாய்த் தண்ணீரிலும் ஷவரின் துளைகளிலும் தம்பாட்டுக்கு இருப்பார்கள். யாரோ ஒருவரின் நுரையீரலிலோ தோலிலோ வந்து உட்கார்ந்துவிட்டால், பிறகு எழுந்து போக மாட்டார்கள். பெரும்பாலும் ஆளுக்கு ஆள் ஒட்டுவதில்லை. அதனால் இவர்களைப் பதிவு செய்ய வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. காசநோயை ஊரே எண்ணும். பங்காளியை யார் எண்ணுவார்கள்? இரண்டு வருடமாக நான் எண்ணுகிறேன். லட்சம் பேரில் எத்தனை பேர், எந்தப் பகுதியில், கூடுகிறதா குறைகிறதா என்று. காலையில் எழுந்ததும் அந்த எண்களைத்தான் நினைக்கிறேன். இதைச் சொன்னால் நீ சிரிப்பாய்.

ஏப்ரல் கடைசியில் அறிக்கையை மூடுகிறோம். அதற்குள் ஒரு மாதிரியாவது மறுபடி அனுப்பு. கோபத்தோடே அனுப்பு, பரவாயில்லை.

அக்கா

*

மார்ச் 8

மதிப்பிற்குரிய வரைபட அதிகாரி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் ஐஸ் தண்ணீரில் நனைந்து வந்து சேர்ந்தது. மன்னிப்பு எங்கே இருக்கிறது என்று இரண்டு முறை தேடினேன். ‘சொல்லவில்லை, சொல்லவில்லை’ என்றுதான் இருக்கிறது. சொல்லாததற்கெல்லாம் ரசீது கொடுத்தால் கணக்கு தீர்ந்துவிடுமா?

ஆமாம், காதில் விழுந்தது.

அது கிடக்கட்டும். என் ஏழு பேரில் ஒருத்தியைப் பற்றி எழுதுகிறேன். நண்டுக்காரம்மா என்றுதான் எல்லோரும் கூப்பிடுகிறார்கள். மீன் கூடத்தில் நண்டு உடைத்துச் சதை எடுக்கும் மேசையில் வேலை. ஓடு வெட்டாத விரலே அங்கே யாருக்கும் கிடையாது. இவளுக்கும் ஆள்காட்டி விரலில், வலது கையில், ஒரு கொடுக்கு குத்தியது. ஒரு மாதம் கழித்து அங்கே ஒரு கட்டி. பிறகு அதற்கு மேலே இன்னொன்று. யாரோ ஒரு புண்ணியவான் வீக்கம் வற்ற ஸ்டீராய்டு ஊசி போட்டான். அது எரிகிற நெருப்பில் எண்ணெய். இப்போது விரல் கத்தரிக்காய் மாதிரி இருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரி சர்ஜன் இரண்டு தடவை கீறிக் கழுவிவிட்டார். அடுத்தது விரலையே எடுப்பது, இல்லாவிட்டால் உள்ளங்கைக்கு இறங்கிவிடும் என்கிறார். கெட்டவர் இல்லை. பயப்படுகிறார்.

அவரிடம் போனேன்.

“டாக்டர், இது பங்காளிக் கிருமியா இருக்கலாம். மீன் வேலை செய்யறவங்களுக்கு வர்றது. மருந்து குடுத்துப் பாக்கலாம்.”

“மருந்து எங்க இருக்கு?”

“ஒண்ணு கடையிலயே கிடைக்கும். இன்னொண்ணு காசநோய்க் கிடங்குல.”

“லேப் ரிசல்ட் இல்லாம அந்த ஆளு பூட்டைத் திறப்பானா?”

“நீங்க எழுதிக் குடுத்தா திறப்பாரு.”

அப்போது அவர் போனை எடுத்தார், அக்கா. இரண்டு விரலால் பெரிதாக்கி என் மூக்குக்கு நேரே நீட்டினார். உன் வரைபடம்! “பாரும்மா. துறைமுகம், பூஜ்யம். இல்லாத கிருமிக்கு நான் எப்படி மருந்து எழுதறது? நான் சொல்லல, உங்க துறையே சொல்லுது.”

கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன்.

நண்டுக்காரம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்து கதவு வழியாக எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். “இத்தனை வருஷமா நான் அதுங்க காலை ஒடிச்சேன். இப்ப அதுங்க முறை போல” என்று சிரித்தாள். பிறகு, “கத்தியப் பிடிக்கறது இந்த விரல்தான் டாக்டரம்மா. இது போச்சுன்னா மேசையில எனக்கு இடம் கிடையாது” என்றாள். அதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை.

நேற்று அந்த விரலிலிருந்து ஒரு துணுக்குச் சதை எடுத்தேன். பஞ்சில் தொட்டு எடுத்ததல்ல, சதையே. பெட்டியில் இருக்கிறது. முறையில் ஏதாவது குறை இருந்தால் எழுத்து மூலம் தெரிவிக்கவும்.

டாக்டர், துறைமுக மருந்தகம்

*

மார்ச் 14

வாயாடி,

மன்னிப்பு. முதல் வரியிலேயே வைத்துவிட்டேன், தேட வேண்டாம்.

சர்ஜன் என் படத்தைக் காட்டிய இடத்தை எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதே. நான் ஏதோ உள்ளதை உள்ளபடி வரைகிறேன் என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு வெள்ளைக் கட்டம் ஒருத்தியின் விரலுக்கு எதிராகச் சாட்சி சொல்லும் என்று நினைத்ததில்லை.

துணுக்கு நல்லபடியாக வந்து சேர்ந்தது. மெஷினில் போட்டதில் காசநோய் இல்லை என்று வந்தது. பங்காளி யார் என்று அந்த மெஷினுக்குச் சொல்லத் தெரியாது. வளர்த்துத்தான் பார்க்க வேண்டும். வழக்கம்போல இரண்டு குழாய்களில் விதைத்திருக்கிறோம். மீதியை ஃபிரிட்ஜில் பத்திரப்படுத்தினேன்.

எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன்: ஜனவரியிலிருந்து நீ அனுப்பிய எதிலும் வளர்ச்சி இல்லை.

இங்கே நிலைமை இது. இன்குபேட்டர் நிரம்பி வழிகிறது. அதனால் ஒரு விதி வைத்திருக்கிறோம்: இரண்டு வாரத்தில் ஒன்றும் தெரியாவிட்டால், இரண்டாவது குழாயை வெளியே எடுத்துவிட வேண்டும், முதல் குழாய் மட்டும் எட்டு வாரம் இருக்கும். எடுத்தவை கருப்புப் பையில் கட்டப்பட்டு, ஆட்டோகிளேவில் வெந்து, குப்பைக்குப் போகும். இப்போது ஆட்டோகிளேவின் ரப்பர் வளையம் கிழிந்து கிடக்கிறது. புது வளையம் வருகிறது, வருகிறது என்று ஒரு மாதமாகச் சொல்கிறார்கள். பின்னறையில் பக்கெட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன. அந்த அறைக்கு மின்விசிறிகூடக் கிடையாது.

எங்கள் மூத்த டெக்னீஷியனை உனக்குத் தெரியுமே, மாசு மன்னர். எது வளர்ந்தாலும் “கன்டாமினேஷன்மா, தூக்கிப் போடு” என்பார். நேற்று அவரிடம், “துறைமுகத்துக் குழாய்ல மட்டும் ஏன் சார் மாசுகூட வளர மாட்டேங்குது?” என்று கேட்டேன். “உன் தங்கச்சி சுத்தக்காரிம்மா” என்றார். அவருக்குத் தெரிந்திருக்கிறது பார், நான் சொல்லாமலே.

சர்ஜனை இரண்டு வாரம் நிறுத்திவை. எப்படி என்று கேட்காதே. உனக்கா வழி தெரியாது?

அக்கா

*

மார்ச் 18

அக்கா,

விரலை எடுக்க சர்ஜன் நாள் குறித்துவிட்டார். ஏப்ரல் இரண்டு, காலை.

உன் மன்னிப்பைப் பெற்றுக்கொண்டேன். அதை வைத்து விரலைக் கட்ட முடியாது. ‘வளர்ச்சி இல்லை, வளர்ச்சி இல்லை’ என்று எத்தனை தாள் அனுப்புவாய்? சின்ன வயதிலிருந்தே நீ இப்படித்தான். வீட்டுக்குள் மழை ஒழுகினால் நான் பாத்திரம் வைக்க ஓடுவேன். நீ எத்தனை சொட்டு என்று எண்ணிக்கொண்டு நிற்பாய்.

அம்மா போன் செய்தாள். “ரெண்டு பேரும் பேசிக்கறீங்களா?” என்றாள். “தினமும் எழுதிக்கறோம்மா” என்றேன். அவள் உருகிவிட்டாள். உண்மையைச் சொல்லி நீ கெடுத்துவிடாதே.

நண்டுக்காரம்மா இன்று கட்டு மாற்ற வந்தாள். “உங்க அக்கா அந்தப் பெரிய ஆபீஸ்ல இருக்காங்களாமே?” என்றாள்.

“யாரு சொன்னா?”

“யாரு சொல்லணும்? டிவியில கூட்டத்தைக் காட்டுனாங்க. படத்தைக் காட்டிப் பேசுன பொண்ணு மூக்கும் உங்க மூக்கும் ஒரே அச்சு.”

நான் ஆமாம் என்று சொல்லவில்லை. ஏன், நீ மட்டும்தான் சொல்லாமல் இருக்கலாமா?

*

மார்ச் 22

அடியே!

உட்கார்ந்து படி. இல்லை, நின்றுகொண்டே படி, எனக்கென்ன. அவசரமாக எழுதுகிறேன், எழுத்தைப் பொறுத்துக்கொள்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு எனக்கு ஆத்திரம். எண்ணிக்கொண்டு நிற்பவளா நான்? சரி, கடைசியாக ஒருமுறை என் கண்ணால் பார்த்துவிடுவோம் என்று துறைமுகத்துக் குழாய்களை எல்லாம் வெளியே எடுத்தேன். இன்குபேட்டரில் இருந்த முதல் குழாய்கள் எல்லாம் வெறுமை. அப்போதுதான் இரண்டாவது குழாய்கள் ஞாபகம் வந்தது. வழக்கமாக அவை இந்நேரம் வெந்து போயிருக்கும். ஆனால் ஆட்டோகிளேவ்தான் ஓடவே இல்லையே!

பின்னறைக்குப் போனேன். கையுறை, முகமூடி எல்லாம் போட்டுக்கொண்டுதான், பயப்படாதே. பக்கெட்டுக்கு மேல் பக்கெட். அடியிலிருந்து இரண்டாவதில் உன் டேப்! கருப்புப் பையைப் பிரித்தேன். பிப்ரவரியில் நீ அனுப்பிய ஏழு பேரின் இரண்டாவது குழாய்கள். ஏழில் ஐந்தில், கிருமி வளர்க்கும் சாய்ந்த பச்சை ஊடகத்தின் மேல், வெளுத்த வெண்ணெய் நிறத்தில் சின்னச் சின்னப் பொட்டுகள்.

வளர்ந்திருக்கிறது. குப்பையில் வளர்ந்திருக்கிறது!

மாசு மன்னரைக் கூப்பிட்டேன். வந்து எட்டிப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள், “கன்டாமி...” என்று ஆரம்பித்தார்.

“சார், அஞ்சு பேரு. அஞ்சு தனித்தனி மூடி. ஒரே மாதிரி பொட்டு. மத்த ஊரு குழாய் எதுலயும் இல்ல. அது என்ன சார் ஆள் பார்த்து வர்ற மாசு?”

அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். மறுபடி பார்த்தார். “இதே சாம்பிள்தானே உள்ளயும் இருந்துது? அங்க ஏன் வரல?” என்றார்.

அவர் கேட்டு முடிக்கவும் எனக்கு மண்டையில் உறைக்கவும் சரியாக இருந்தது. உள்ளே முப்பத்தேழு டிகிரி. பின்னறைச் சுவரில் தொங்கும் வெப்பமானியைப் பார்த்தேன். முப்பது.

நாம் எல்லாவற்றையும் நுரையீரலின் சூட்டில் வளர்க்கிறோம், வாயாடி. சளிக்காக எழுதிய விதி. அதையே தோலுக்கும் வைத்துவிட்டோம். ஆனால் மீன் உடம்பில் வாழும் கிருமிக்கு நம் உடம்பின் உள்சூடு ஆகாது. அதனால்தான் அது விரலில் வருகிறது, மூக்கு நுனியில், முழங்கையில் வருகிறது. உடம்பின் குளிர்ந்த ஓரங்களில். தோல் மாதிரியை முப்பதிலும் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது புத்தகத்தில் இருக்கிறது. பரீட்சையில் நானே எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். ஏட்டுச் சுரைக்காய்! எங்களிடம் முப்பது டிகிரி இன்குபேட்டர் ஒன்று இருந்தது. நான் சேர்வதற்கு முன்பே பழுதாகி, இப்போது அதில் பழைய கோப்புகளும் யாருடைய குடையோ ஒன்றும் இருக்கின்றன. துறைமுகத்தில் அந்தக் கிருமி இல்லை, எனவே அது தேவையில்லை. அது இல்லாததால் துறைமுகத்தில் அந்தக் கிருமி இல்லை. நாய் தன் வாலைத் துரத்தின கதை.

இன்னும் இருக்கிறது. இந்தக் கிருமிக்கு ஒரு அடையாளம் உண்டு: இருட்டில் வெளுப்பாக வளரும், வெளிச்சம் பட்டால் மஞ்சளாகும். கருப்புப் பைக்குள் கிடந்ததல்லவா? இரண்டு குழாயின் மூடியைத் தளர்த்தி, பாதுகாப்புப் பெட்டிக்குள் விளக்குக்கு நேரே வைத்தேன். மூன்றாவதைக் காகிதம் சுற்றி வைத்தேன். நேற்று இது. இன்று காலை வந்து பார்த்தால், காகிதத்துக்குள் இருந்தது அதே வெளுப்பு. வெளிச்சத்தில் இருந்தவை எலுமிச்சை மஞ்சள். அப்படியொரு மஞ்சள்! நான் போட்ட சத்தத்தில் கணக்குப் பிரிவிலிருந்து ஆள் வந்துவிட்டார்.

உடனே ஃபிரிட்ஜிலிருந்து நண்டுக்காரம்மாவின் துணுக்கை எடுத்து மறுபடி விதைத்தேன். எங்கே வைப்பது? இன்குபேட்டர் வாங்க மூன்று கையெழுத்து, ஆறு மாதம். மீன் வளர்ப்புக் கடைக்குப் போய்த் தொட்டியைச் சூடாக்கும் ஹீட்டர் ஒன்று வாங்கிவந்தேன். “எத்தனை மீன் மேடம்?” என்றார் கடைக்காரர். “ஒண்ணும் இல்ல” என்றேன். பாவமாகப் பார்த்தார். ஒரு வாளித் தண்ணீர், அதில் ஹீட்டர், முப்பதில் முள், நடுவே ஒரு மூடிய டப்பாவில் உன் குழாய்கள். மாசு மன்னர் அதன்மேல் ‘தொடாதே’ என்று பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறார்.

குப்பையில் வளர்ந்த ஐந்தில் ஒன்றை மரபணு பார்க்கப் பெரிய ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டேன்.

ஏப்ரல் இரண்டு. பத்து நாளில் இது வளர வேண்டும். வளரும்.

அக்கா

*

மார்ச் 25

அக்கா அக்கா அக்கா,

நின்றுகொண்டேதான் படித்தேன். வரவேற்பில் இருக்கும் பெண், “என்ன டாக்டர், வீட்டுல விசேஷமா?” என்றாள். “ஆமா, குப்பையில” என்றேன்.

உடனே சர்ஜனிடம் ஓடினேன், படம் போட்டது என் அக்கா என்பதையும் சொல்லிவிட்டேன். கேட்டார். மறுபடி கேட்டார். “அப்ப நான் பக்கெட்டுல வளர்ந்ததை நம்பி விரலை விடணுமா?” என்றார். அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது, அக்கா. குப்பையில் வளர்ந்த ஐந்தில் நண்டுக்காரம்மாவுடையது இல்லை. அவள் பிப்ரவரியில் கொடுத்தது அந்தப் பாழாய்ப்போன பஞ்சில் தொட்டு எடுத்தது. வெறுமையாகப் போன இரண்டில் அது ஒன்று. நீ அவளுடைய துணுக்கிலிருந்து வளர்த்துக் காட்டினால்தான் உண்டு. “ரெண்டாந்தேதி காலையில தியேட்டருக்குள்ள போற வரைக்கும் டைம். பேப்பர்ல வேணும். போன்ல பாட்டுப் பாடாதீங்க” என்றார். சிவப்பு கைக்கு ஏறுகிறது என்று மணிக்கட்டுக்குக் கீழே பேனாவால் ஒரு கோடு போட்டிருக்கிறார். அதைத் தாண்டினால் காத்திருக்க முடியாது.

நண்டுக்காரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வாளி, ஹீட்டர் உட்பட. “என் சதையைத் தொட்டியில போட்டு வளக்கறாங்களா?” என்றாள். “சதை இல்லம்மா, உங்க புண்ணுல இருக்கற பூச்சி.” கட்டைத் தடவிக்கொண்டே, “நல்லா வளரட்டும்” என்றாள்.

எங்கள் ஊரில் யாரும் ஒரு வியாதி வளர இவ்வளவு வேண்டிக்கொண்டதில்லை.

சிவப்பு இன்று காலைவரை கோட்டைத் தாண்டவில்லை.

வாயாடி

*

ஏப்ரல் 1

வாயாடி,

போனில் நான் கத்தியதில் பாதி உனக்குப் புரிந்திருக்காது. மீதிப் பாதியில் நீ கத்தினாய். ஆகவே எழுத்தில். இதை வண்டிக்காரர் கையில் தனியாகக் கொடுக்கிறேன், பெட்டியில் போட வேண்டாம் என்று சொல்லி.

வளர்ந்துவிட்டது. நேற்று இலேசாகத் தெரிந்தது. என் கண்ணே எனக்கு வேண்டியதைக் காட்டுகிறதோ என்று உனக்குச் சொல்லவில்லை. இன்று காலை மாசு மன்னர்தான் முதலில் டப்பாவைத் திறந்தார். நான் அந்தப் பக்கம் திரும்பியே நின்றேன். “என்ன சார்?” என்றேன். “இது மாசு இல்லம்மா” என்றார். இத்தனை வருடத்தில் அவர் வாயிலிருந்து அந்த வாக்கியத்தை யாரும் கேட்டதில்லை.

பெரிய ஆய்வகத்திலிருந்தும் பதில் வந்தது. மீன் உடம்பில் வாழும் அந்தப் பங்காளியேதான், மீன்தொட்டிக் கிருமி. நண்டுக்காரம்மாவின் குழாயிலிருந்து எடுத்துப் பார்த்ததில் அதே வகை என்று எங்கள் சோதனையும் காட்டுகிறது.

பிறகு கையெழுத்துக்கு இயக்குநரிடம் போனேன்.

“ஹீட்டரா? மீன் கடையிலயா?” என்றார். “இதை நான் எந்த நம்பிக்கையில கையெழுத்துப் போடறது?”

“பூஜ்யத்துக்குப் போட்டீங்களே சார், அதே நம்பிக்கையில.”

சொன்ன பிறகு எனக்கே தூக்கிவாரிப்போட்டது. உன் வாய் எனக்கு எப்போது ஒட்டிக்கொண்டதோ தெரியவில்லை. அவர் என்னையே பார்த்தார். “அன்னிக்குக் கூட்டத்துல கத்துன பொண்ணு உனக்கு என்ன வேணும்?” என்றார். “என் தங்கச்சி சார்” என்றேன். “அதானே பார்த்தேன்” என்று பேனாவைத் திறந்தார்.

முடிவுத் தாள் இத்துடன். முத்திரை இரண்டு இடத்தில். குழாயின் புகைப்படமும் வைத்திருக்கிறேன், மஞ்சளில். கிடங்குக்கு ஒரு பிரதி தனியாக. ஓடு.

அக்கா

*

ஏப்ரல் 3

அக்கா,

ஓடினேன். நேற்றுக் காலை சர்ஜன் கை கழுவிக்கொண்டிருந்தார். ஈரக் கையால் வாங்க முடியாது என்று, நான் தாளை அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன். முழுவதும் படித்தார். கையெழுத்தைப் படித்தார்.

“பூஜ்யம்னு போட்டதும் உங்க அக்கா. இருக்குன்னு போட்டதும் உங்க அக்கா. எந்த அக்காவை நம்பறது?”

“பின்னாடி சொன்ன அக்காவை” என்றேன்.

சிரித்தாரா, முகமூடிக்குள் தெரியவில்லை. உள்ளே போனார். ஒரு மணி நேரம் நான் நகத்தைக் கடித்துக்கொண்டு வெளியே நின்றேன். வந்தவர், “திறந்து அழுகினதை மட்டும் வழிச்சு எடுத்திருக்கேன். நரம்பு பாதி நல்லா இருக்கு. முதல்ல ஆறு வாரம் உங்க மருந்தைக் குடுத்துப் பார்க்கலாம். சிவப்பு கோட்டைத் தாண்டி ஒரு விரக்கடை ஏறினாலும் நான் எடுத்துருவேன்” என்றார். கிடங்குக்காரர் மருந்தைத் தரும்போது மூன்று இடத்தில் என் கையெழுத்து வாங்கினார்.

நண்டுக்காரம்மா மயக்கம் தெளிந்ததும் செய்த முதல் காரியம், கட்டுக்கு மேலே மற்றக் கையால் தடவித் தடவி எண்ணியது. ஐந்து வந்தது. மறுபடி எண்ணினாள்.

குப்பையில் வளர்ந்த ஐந்து பேரில் நால்வரை நாளைக்கு வரச் சொல்லியிருக்கிறேன். ஐந்தாமவர் ஐஸ் அறையில் வேலை செய்தவர். போன வருடமே வேறு ஊரில் விரலை எடுத்துவிட்டார்கள், இப்போது முழங்கையில் கட்டி வந்துதான் என்னிடம் வந்தார். அவரிடம் இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நீ இங்கே இருந்தால் தேவலை என்று தோன்றியது. இதை எழுதாமல் விட்டிருக்கலாம், எழுதிவிட்டேன்.

வாயாடி

*

மே 6

வாயாடி,

அறிக்கை இன்னும் மூடவில்லை. நான்தான் மூட விடவில்லை.

பிராந்தியத்தில் உள்ள மற்றப் பத்து ஆய்வகங்களுக்கும் ஒரே கேள்வி அனுப்பினேன்: தோல் மாதிரிகளை எந்தச் சூட்டில் வைக்கிறீர்கள்? எட்டு இடத்தில் முப்பத்தேழு. ஒருவர், “வேற சூடு இருக்கா?” என்று திருப்பிக் கேட்டிருக்கிறார். ஏரிக்கரை ஊர்கள், மீன் பண்ணைகள், நீச்சல் குளங்கள் எல்லாம் என் படத்தில் வெள்ளை. எனக்கு இரண்டு வருடமாக அந்த வெள்ளையைப் பார்த்தால் ஒரு நிம்மதி வரும். இப்போது அங்கே எத்தனை விரல்கள் என்று நினைத்தால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. பயமும் இருக்கிறது, ஆனால் பொய் சொல்ல மாட்டேன், அதைவிட ஆவல்தான் அதிகம். பூட்டிக் கிடந்த ஒரு பெரிய வீட்டின் சாவி கிடைத்த மாதிரி.

‘இல்லை’ என்பதும் ‘தேடவில்லை’ என்பதும் ஒரே நிறமாக இருக்கக் கூடாது என்று இயக்குநரிடம் சண்டை போட்டேன். “ரெண்டு வருஷம் உழைச்சு, பாதிப் படத்துல கோடு கிழிச்சுத் தெரியாதுன்னு போடறதா?” என்றார். ஆமாம் என்றேன். தேடாத இடங்களுக்குச் சாய்கோடுகள். படம் பார்க்க அசிங்கமாக இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

புது இன்குபேட்டர் ஆறு மாதம் ஆகாமலே வந்துவிட்டது. குடைக்கு உரியவர் மாசு மன்னர்தான்.

ஐஸ் அறைக்காரரிடம் சொன்னாயா? விரல் எப்படி இருக்கிறது? நான் வரட்டுமா?

அக்கா

*

மே 9

அக்கா,

சொன்னேன். அவர் மருந்தை மட்டும் வாங்கிக்கொண்டு போனார். இரண்டு நாள் கழித்து, கையில் கட்டியுள்ள தன் மைத்துனனை இழுத்துக்கொண்டு வந்தார்.

கோடு இறங்கியிருக்கிறது. சர்ஜனே பழையதைத் துடைத்துவிட்டுக் கீழே புதிதாகப் போட்டார். வீக்கம் பாதி. ஆனால் உன் அறிக்கைச் செய்தி கசிந்து, மீன் வாங்குகிறவர்கள் முகம் சுளிக்கிறார்கள் என்று கூடத்து முதலாளி என்னைத் திட்டித் தீர்த்தார். வேக வைத்துத் தின்றால் ஒன்றும் வராது, குத்தினால்தான் வரும் என்று தொண்டை வற்றக் கத்தினேன். நாளைக்கு எல்லோருக்கும் தடித்த கையுறை கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். கொடுத்த பிறகு நம்புகிறேன்.

வரட்டுமாவா? கேட்டுக்கொண்டா வருவாய்? வண்டியில் ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது.

வாயாடி

*

நவம்பர் 12

வாயாடி,

உன்னிடமிருந்து கிளம்பி வீடு வந்து சேர்ந்தேன். நாம் இரண்டு பேரும் ஒன்றாக இருந்ததை அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

அறிக்கை நேற்று அச்சாகி வந்தது. இரண்டு பிரதிகள் இத்துடன். துறைமுகப் பகுதியில் இந்த வருடம் உறுதியானவர்கள் பதினாறு பேர். இந்தப் பிராந்தியத்திலேயே அதிகம். சாய்கோடு போட்ட பகுதிகள் ஆறு; அவற்றில் இரண்டிலிருந்து தோல் மாதிரிகள் வர ஆரம்பித்திருக்கின்றன.

உனக்குத் தெரிந்ததுதான் என்றாலும், அங்கே நான் கண்ணால் பார்த்ததை எழுதிவைக்கிறேன்: நண்டுக்காரம்மாவின் மருந்து அக்டோபரில் நிறுத்தப்பட்டது. விரல் இருக்கிறது. நடுக்கணு மடங்கவில்லை. கத்தியை அவளால் பிடிக்க முடியவில்லை. அதே கூடத்தில் எடை பார்க்கும் மேசையில் உட்கார்ந்திருக்கிறாள்.

அக்கா